மூன்று பேருக்கும் கேட்டது

நான் பிறந்தது பருத்தித்துறைக்குப் பக்கத்தில். எங்கள் ஊரில் உயரம் என்றால் பனையும் கோயில் கோபுரமும்தான், மற்றப்படி தரை தட்டையாகப் போய்க் கடலில் முடியும். அங்கிருந்து வந்தவன் முப்பது வருடத்துக்கு மேலாக சுவிஸ் மலைகளில் பனிச்சறுக்குப் பலகையோடு ஏறி இறங்குகிறேன் என்றால் நம்மாட்கள் முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பிறகு "உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்பார்கள். இப்போது நிலைமை மாறிவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கீ முகாமில் பழகி, பதினெட்டு இருபது வயதில் நண்பர்களோடு லிஃப்ட் இல்லாத மலைகளுக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள். போன பனிக்காலத்தில் ஒரு தாய் எனக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, மகன் போறான், தடுக்கவும் ஏலாது, என்னத்தைச் சொல்லி அனுப்புறது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

1990இல் நான் வந்தபோது வயது 20. பேர்ண் மாநிலத்தில் ஒரு மலை விடுதியின் குசினியில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. கழுவும் தொட்டிக்கு மேலே யன்னல், யன்னலுக்கு வெளியே ஒரு பெரிய வெள்ளைச் சரிவு. காலையில் அதில் இரண்டு மூன்று புள்ளிகள் மெதுவாக மேலே ஊர்ந்து போகும், மதியக் கோப்பைகள் வந்து குவியும் நேரத்தில் அதே புள்ளிகள் வளைந்து வளைந்து கோடு போட்டபடி இறங்கி வரும். அதில் ஒரு புள்ளி எங்கள் ஷெஃப் என்று தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்த மனுசன், அதிகம் கதைக்க மாட்டார். 1993 பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு இரவு தன் தம்பியின் பழைய பலகையையும் சப்பாத்தையும் கொண்டுவந்து என் அறை வாசலில் வைத்து, "நாளைக்கு விடுதி பூட்டு. ஆறு மணிக்கு வா" என்றார்.

தெரியாதவர்களுக்கு: பலகையின் அடியில் ஒட்டும் நீளத் துணிப்பட்டி ஒன்று உண்டு, அதைத் தோல் என்றே சொல்வார்கள். ஒரு காலத்தில் உண்மையிலேயே கடல்நாய்த் தோல், இன்றைக்கு மொஹேர் ஆட்டு மயிரும் நைலோனும். மயிர் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். குதிக்கால் கட்டில்லாமல் விட்டிருக்கும், நடப்பது போலத் தேய்த்துத் தேய்த்து ஏறலாம். உச்சியில் தோலை உரித்து, குதிக்காலைப் பூட்டி, சறுக்கி இறங்க வேண்டியதுதான். மூன்று மணித்தியாலம் ஏறி இருபது நிமிடத்தில் இறங்குகிற விளையாட்டு. என்னைக் கேட்டால் அந்த மூன்று மணித்தியாலம்தான் இதன் உயிர். விடியும் முன், தோல் பனியில் உரசும் "ஷ்ஷ்க், ஷ்ஷ்க்" சத்தம் மட்டும் கேட்க, முன்னே போகிறவரின் தடத்தில் பலகையை வைத்துப் போகிற அந்த அமைதி எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

ஆரம்பத்தில் நான் செய்த பிழைகள் எல்லாரும் செய்பவைதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிக்கிடும்போது குளிர்கிறது என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு தொடங்கக் கூடாது, பத்து நிமிடத்தில் வியர்த்து, அந்த வியர்வைதான் உச்சிக் காற்றில் உங்களை உறைய வைக்கும். முதல் கால் மணித்தியாலம் கொஞ்சம் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. பருத்தி பெனியன் வேண்டவே வேண்டாம். மணித்தியாலத்துக்கு 300, 400 மீட்டர் உயரம் போதும். ஒரு முழு வசனத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது. கழற்றிய தோலை முதுகுப் பையில் போடாமல் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வையுங்கள், பசை குளிர்ந்தால் அடுத்த ஏற்றத்தில் ஒட்டாது. சாப்பாட்டுக்கு என் மனைவி பயற்றம் உருண்டை செய்து தருவார். கடையில் வாங்கும் சொக்லேட் கட்டிகள் குளிரில் கல்லாகிவிடும், பல் போகும். உருண்டை அப்படி ஆகாது, கையுறையோடு எடுத்து வாயில் போடலாம். பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ. இந்த இரண்டையும் பல வருடம் சாப்பிட்ட தபால்காரர் ஒருவர் எங்களோடு வருவார், அவருக்கு உருண்டையின் பெயர் வாயில் வராது, "மஞ்சள் பந்து" என்பார்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்தது: பனிச்சரிவு.

2003 பெப்ரவரி. இடத்தின் பெயர் வேண்டாம். வடக்குப் பார்த்த சரிவு, மேல்பகுதி 37 பாகை இருக்கும். அதற்கு முன் ஒன்பது பனிக்காலமாக, குறைந்தது இருபது தடவை அதில் இறங்கியிருப்போம். "எங்கட சரிவு" என்றுதான் எங்களுக்குள் பேச்சு. அந்த வருடம் முதல் பனி நேரத்தோடு விழுந்து, மெல்லிய படையாகக் கிடந்து, அதன் மேல் வாரக்கணக்கில் தெளிவான குளிர் இரவுகள். அப்படி நடந்தால் அடிப்பனி சீனி மாதிரி ஆகிவிடும். கையில் அள்ளி அமத்தினால் உருண்டையாகாது, விரலிடுக்கால் கொட்டும். வடக்குச் சரிவில் வெயில் படாததால் அது அப்படியே வாரக்கணக்கில் இருக்கும். பிறகு புதுப்பனியும் காற்றும் வந்து அந்தச் சீனியின் மேல் கெட்டியான பலகை ஒன்றைப் போட்டுவிட்டுப் போயின. மேலே பார்த்தால் அழகான வெள்ளை, அடியில் உருளத் தயாரான மணிகள்.

அன்று மூன்று பேர். முன்னே ஷெஃப், நடுவில் தபால்காரர், பின்னே நான். சரிவுக்குக் கொஞ்சம் கீழே தட்டையான இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது "வூம்" என்று ஒரு சத்தம். நிலத்துக்கடியில் பெரிய மேளத்தை ஒரே ஒரு தரம் அடித்தது போல. காலுக்குக் கீழே தரை ஒரு விரல் அளவு இறங்கியது எனக்கு முழங்காலில் தெரிந்தது. அடியில் கிடந்த சீனிப்பனி நொறுங்கி உள்ளேயிருந்த காற்று வெளியேறும் சத்தம் அது. மலை நேரே கூப்பிட்டுச் சொல்வது என்றால் இதுதான். ஒரு பயிற்சி வகுப்பில் படித்திருக்கிறேன், எனக்கு அதன் பொருள் தெரியும். நான் ஷெஃப்பின் முதுகைப் பார்த்தேன். அவர் நிற்கவில்லை. தபால்காரரும் நிற்கவில்லை. அந்த நேரம் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன்: இவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள், கோப்பை கழுவ வந்த நான் இவர்களுக்குப் பனியைப் பற்றிச் சொல்வதா? அப்போது நான் கழுவும் தொட்டியை விட்டுச் சமையலுக்கு வந்து ஐந்து வருடம். ஆனாலும் மனதுக்குள் அந்த ஆள்தான். வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

இறங்கும்போது ஷெஃப் முதலில் போனார். மூன்றாவது வளைவில் அவருக்கு மேலே ஒரு கோடு ஓடியது, கண்ணாடியில் கீறல் விழுவது போல, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை. பிறகு சரிவு முழுக்கத் துண்டு துண்டாக உடைந்து நகர்ந்தது. அவர் ஒரு தரம் மேலே தெரிந்தார், பிறகு தெரியவில்லை. எல்லாம் நின்றதும் வந்த அமைதியை இன்றைக்கும் சில இரவுகளில் கேட்கிறேன்.

தபால்காரர் என் கையைப் பிடித்து, "மேலே பார்" என்றார். இன்னும் விழ ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறங்கினோம். இது பெரிய விஷயம். 2010 ஜனவரியில் டீம்டிக்டால் பள்ளத்தாக்கில், புதைந்தவரைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேல் இரண்டாவது பனிச்சரிவு வந்து விழுந்தது. உதவிக்கு ஹெலியில் வந்த மருத்துவர் உட்பட 7 பேர் அன்று போனார்கள்.

அவரைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கீழே, ஆளுக்கொன்று உடம்பில் கட்டியிருக்கும் தேடும் கருவியை, சைகை அனுப்பும் நிலையிலிருந்து மற்றவரின் சைகையைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு நடந்தோம். அது தூரத்தை மீட்டரில் காட்டும். 38. 29. 17. எண் குறையும் பக்கம் போக வேண்டும், மனம் ஓடச் சொல்லும், ஓடினால் கருவி குழம்பும். பத்துக்குள் வந்ததும் கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, மிக மெதுவாக, முன்பின்னாகவும் பிறகு குறுக்காகவும். 2.1, 1.4, 0.9, திரும்ப 1.3. ஆகக் குறைந்த இடத்தில், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பியை இறக்கினோம், ஒரு சாண் விட்டு அடுத்தது. நாலாவது குத்தில் கம்பி வேறு மாதிரி நின்றது. நிலத்தில் பட்டால் "டக்" என்று நிற்கும், இது தும்பு மெத்தையில் குத்தியது போல மெத்தென்று. கம்பியை எடுக்கக் கூடாது, அது அப்படியே நிற்க வேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் அவருடைய மூச்சு இடத்தை நாங்களே மிதிப்போம் என்பதால், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து குடைந்தோம். ஓடி நின்ற பனி சீமெந்து போல இறுகிவிடும், அதை வெட்டித்தான் எடுக்கலாம். முதலில் ஒரு கையுறை தெரிந்தது. பிறகு தாடை. வாய் நிறையப் பனி. விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். இருமினார்.

பதினொரு நிமிடம். ரேகா என்ற சுவிஸ் வான்வழி மீட்புச் சேவைக்கு 1414இல் அழைத்தோம், ஹெலி வந்தது. தோள் முறிவு, இரண்டு விலா எலும்பு. முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள், அதன் பிறகு நிலைமை வேகமாக மோசமாகிறது, அரை மணித்தியாலம் தாண்டினால் பெரும்பாலானோர் இல்லை. ஹெலி எவ்வளவு விரைவாக வந்தாலும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வராது. உங்களை எடுக்கப் போவது பக்கத்தில் நிற்கும் நண்பர்தான்.

நாலாம் நாள் மருத்துவமனைக்குப் போனோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஷெஃப் சொன்னார், "எனக்கு அந்த வூம் கேட்டது." தபால்காரர் நிலத்தைப் பார்த்தபடி, "எனக்கும்" என்றார். நானும் சொன்னேன். ஷெஃப் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ வகுப்புக்கு எல்லாம் போய்ப் படித்தவன். நீ ஒன்றும் சொல்லவில்லை, அதனால் பரவாயில்லை என்று நினைத்தேன்."

நான் அவருடைய முதுகை நம்பிப் போக, அவர் என்னுடைய மௌனத்தை நம்பிப் போயிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இரண்டு விஷயம் விளங்கியது. ஒன்று, இருபது தடவை அந்தச் சரிவு ஓடாததை நாங்கள் அறிவு என்று எண்ணி வைத்திருந்தோம். அந்த இருபதில் எத்தனை தடவை மயிரிழையில் தப்பினோம் என்று யாருக்குத் தெரியும்? பிழையாக முடிவெடுத்தாலும் பனி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, நீங்கள் சிரித்துக்கொண்டு கீழே வந்து கோப்பி குடிப்பீர்கள். சமையலில் உப்புக் கூடினால் உடனே நாக்கு சொல்லிவிடும், இங்கே அப்படி இல்லை. இரண்டாவது, பேசுவது. இப்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சரிவுக்கு முன் நின்று ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டும், அனுபவம் ஆகக் குறைந்தவர் முதலில். மூத்தவர் முதலில் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்புவோம், காரணம் கேட்டு மடக்க மாட்டோம்.

அந்தத் தாயிடம் நான் முதலில் சொன்னதும் இதுதான். மகனுக்கு ஒரு வசனத்தை வாயில் பழக்கி அனுப்புங்கள்: "மிர் இஷ் நிட் வோல் டெர்பி." எனக்கு இது மனசுக்குச் சரியாகப் படவில்லை என்று பேர்ண் பக்கத்தில் சொல்வது. எங்கள் பிள்ளைகள் பெரியவர்களுக்கு எதிர்ப்பேச்சுப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள், நாங்கள்தான் அப்படி வளர்த்தோம். மலையில் அந்தப் பழக்கம் ஆபத்து என்று பெற்றோர் வாயாலேயே அவர்கள் கேட்க வேண்டும்.

மற்றவை கணக்கு. டாவோஸில் இருக்கும் பனி ஆய்வு நிறுவனம் பனிக்காலம் முழுக்கத் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அபாய அறிவிப்பு விடுகிறது, இப்போது ஒயிட் ரிஸ்க் செயலியில் கைக்குள் இருக்கிறது. அபாயத்துக்கு ஐந்து நிலைகள். 3 என்றால் நடுவில்தானே என்று நினைக்காதீர்கள், ஆட்கள் அதிகம் இறப்பது 3ஆம் நிலை நாட்களில்தான். சிக்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் பனிச்சரிவை அவர்களோ அவர்களுடைய குழுவில் ஒருவரோதான் கிளப்பியிருக்கிறார்கள். சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் போட்டுக் கொடுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு: 2ஆம் நிலையில் 40 பாகைக்குக் கீழே, 3இல் 35க்குக் கீழே, 4இல் 30க்குக் கீழே நில். எங்கள் சரிவு 37, அன்றைய நிலை 3. அந்தக் கணக்கு எங்கள் மூவருக்கும் தெரியும், முந்தின இரவு குசினி மேசையில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது சுவிஸ் வரைபடத்தில் 30 பாகைக்கு மேல் மஞ்சளில் தொடங்கி ஊதா வரை நிறம் போட்டே காட்டுகிறார்கள். வீட்டில், சூடான அறையில், காலில் பலகை இல்லாதபோது பார்த்து முடிவெடுங்கள். மேலே போய் நின்றால் ஆசை பேசும்.

தேடும் கருவி, கம்பி, மண்வெட்டி மூன்றும் ஆளுக்கு ஒன்று. மண்வெட்டி உலோகமாக இருக்கட்டும். கைத்தொலைபேசி கருவியிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, தேடும்போது 50. ஒவ்வொரு மார்கழியும் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் வயலில் ஒரு கருவியைப் பையில் போட்டுப் புதைத்துவிட்டு நேரம் பார்த்துத் தேடிப் பழகுவோம். வாங்கிப் பையில் வைத்தால் போதாது, அந்த பதினொரு நிமிடத்தில் எங்கள் கைகள் தானாக வேலை செய்தது பழகியிருந்ததால்தான்.

கோடையில் பாறை. கிரிம்செல் கணவாய்ப் பக்கம் கருங்கல் பலகைகள், அப்பக்கத்து எல்டொராடோ சுவரில் ரெமி சகோதரர்கள் 1981இல் திறந்த மோட்டர்ஹெட் பாதையில் ஏறிய நாள் என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று. அந்தப் பாறையில் கைக்குப் பிடி கிடையாது, காலடியின் உராய்வுதான் எல்லாம். முதல் நாட்களில் நான் கையால் தொங்கப் பார்த்துக் களைத்துப்போனேன். ஒரு நாள் நடுப்பாறையில் ஊரில் எங்கள் வளவுக்குப் பனை சீவ வந்தவரின் ஞாபகம் வந்தது. தளைநாரைக் காலில் மாட்டி, உடம்பை மரத்திலிருந்து தள்ளி வைத்து, பாரம் முழுவதையும் பாதத்தில் விட்டு அவர் ஏறுவார். மரத்தைக் கட்டிப்பிடித்தால் வழுக்கும் என்று எங்களுக்குச் சொல்வார். அதேதான் இங்கேயும்: இடுப்பைப் பாறையிலிருந்து தள்ளு, குதிக்காலைத் தாழ்த்து, காலை நம்பு. அவர் எங்கள் எல்லாரையும்விடப் பெரிய ஏறுநர், கயிறும் இல்லாமல்.

கயிறு உள்ளவர்கள் அதைப் பார்த்துக் கட்ட வேண்டும். லின் ஹில் உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவர், 1989இல் பிரான்சில் முடிச்சை முழுக்கப் போடாமல் விட்டு 20 மீட்டருக்கு மேல் விழுந்து, மரக்கிளை தாங்கியதால் பிழைத்தார். முடிச்சுப் போடும்போது யாராவது கதை கொடுத்தால் நான் பதில் சொல்வதில்லை. ஏறும் முன் அவருடைய முடிச்சை நான் தொட்டுப் பார்ப்பேன், என்னுடையதை அவர் தொடுவார், 25 வருடம் ஒன்றாக ஏறியவராக இருந்தாலும். இறங்கும் கயிற்றின் நுனியில் எப்போதும் முடிச்சு.

இன்னொன்று. பழைய புத்தகங்களை நம்பி இப்போது போக முடியாது. அலெட்ச் பனியாற்றின் மேல் கொன்கோர்டியா குடில் 1877இல் கட்டியபோது பனியிலிருந்து 50 மீட்டர் அளவு உயரத்தில் இருந்தது. பனி இறங்க இறங்கப் படி சேர்த்து, இன்று பாறையில் 400க்கும் மேற்பட்ட இரும்புப் படிகள் ஏற வேண்டும். நான் முதல் தரம் போனதற்கும் கடைசியாகப் போனதற்கும் இடையில் கீழே புதிய படிகள் வந்திருந்தன. 2022, 2023 என்ற இரண்டே வருடத்தில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் பனியில் 10 சதவீதத்தை இழந்தன. அந்தக் குடிலிலிருந்து லோட்ஷன்லூக்கே என்ற இடைவெளியைத் தாண்டி லோட்ஷன்டாலுக்குள் இறங்கும் ஓட்டம் எனக்கு மிகப் பிடித்தது, வசந்தத்தில் நீண்ட தூரம் பனியிலேயே வந்து, கடைசியில் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்டன் கிராமத்துக்கு நடப்போம். கறுத்த மரவீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியில் முகம் கழுவுவேன். 2025 மே 28 அன்று மேலேயிருந்த பிர்ச் பனியாறு பாறைகளோடு உடைந்து விழுந்து அந்தக் கிராமம் புதைந்தது. ஒன்பது நாள் முன்பே 300 பேரை வெளியேற்றியிருந்தார்கள். மலையைக் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாய் திறந்து சொன்னார்கள், ஊர் கேட்டது. வீடு போனவர்களின் முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, ஊரை விட்டு வந்த எங்களுக்கு அது புதிய முகம் இல்லை.

போன மார்ச் மாதம் மகளோடு எங்ஸ்ட்லிகன்அல்ப்பிலிருந்து வில்ட்ஷ்ட்ரூபலுக்குப் போனேன். 3,244 மீட்டர். அவளுக்கு 19 வயது. உச்சிக்கு 300 மீட்டர் போலக் கீழே ஒரு மலைமுதுகுக்கு முன் நின்றோம், வானத்தில் ஒரு முகில் இல்லை, முந்தின நாள் காற்று அந்தப் பக்கம் பனியைக் குவித்திருந்தது. அவளை முதலில் கேட்டேன். பலகை நுனியால் பனியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கு இது சரியாப் படேல்ல" என்றாள். எனக்கு ஏறலாம் போலத்தான் இருந்தது. திரும்பினோம்.

கீழே தட்டையான இடத்தில் இருந்து பார்த்தால், எங்களுக்குப் பின் வந்த இரண்டு குழுக்கள் அதே முதுகைத் தாண்டி உச்சிக்குப் போய், சத்தம் போட்டுச் சிரித்தபடி இறங்கி வந்தன. ஒன்றும் ஓடவில்லை.

"நான் சொன்னது பிழையா?" என்று கேட்டாள்.

"தெரியாது பிள்ளை. எங்களுக்குத் தெரியவும் வராது."

அவள் அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணியை ஊற்றி அவளிடம் கொடுத்தேன். உருண்டை இரண்டு மிச்சம் இருந்தது.